நோயைத் தேடியவர்களும் நோயாளியைத் தேற்றியவர்களும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் உலக நாடுகள் நோய்ப் பரிசோதனையை எவ்வாறு கையாண்டன, அவற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்பது குறித்துப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்று அறிவித்த நெருக்கடி நிலை 2023 மே 5 அன்று முடிவுக்கு வந்தது. முடிந்துபோன ஒன்றைப் பற்றி இப்பொழுது பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். ஏரிக்கரையை மழைக்காலத்தில் எவரும் பலப்படுத்துவதில்லை. கோடையில்தான் அந்த வேலை நடக்கும். அச்சம் தணிந்து அறிவு தெளிந்திருக்கும் இந்நாளே அடுத்த பெருந்தொற்றுக்கு ஆயத்தமாக ஏற்ற நாள்.

நமது ஊருக்கு இதில் ஒரு பழைய பாடமும் உண்டு. செஞ்சிக் கோட்டை 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அவர்களது காவற்படையில் ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் இருந்ததில்லை என்றும், ஆயினும் அந்தப் பத்தாண்டுகளில் 1,200 பேரை அவர்கள் இங்கே இழந்தனர் என்றும் ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதி வைத்திருக்கிறார். இவ்வூரின் நோய்களையே அவர் அதற்குக் காரணமாகச் சொன்னார். மூன்று மலைகளையும் இணைக்கும் மதில் பகைவரைத் தடுத்தது, காய்ச்சலைத் தடுக்கவில்லை. அது என்ன காய்ச்சல், எவ்வழியாகப் பரவியது என்று அறிவதற்கு அன்று வழியே இல்லை.

கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் செல்ல வேண்டாம், அவ்வூரில் இருப்போர் அதைவிட்டு வெளியேற வேண்டாம் என்ற நபிகளாரின் வழிகாட்டுதலை நாம் அனைவரும் அறிவோம். அதன்படி நடப்பதற்கு நோய் எங்கே இருக்கிறது என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். அதைத் தெரிவிப்பதே பரிசோதனை.

மூவகைப் பரிசோதனைகள்

நாடுகளை ஒப்பிடுமுன் பரிசோதனையின் வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாவது ஆர்டி-பிசிஆர். மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரியில் கிருமியின் மரபுப்பொருள் இருந்தால், அதைப் பலகோடி மடங்கு பெருக்கிக் கண்டறியும் முறை இது. நம்பகமானது, ஆனால் ஆய்வுக்கூடமும் பயிற்சி பெற்றோரும் வேண்டும். முடிவு வரச் சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை ஆகும்.

இரண்டாவது விரைவு ஆன்டிஜென் சோதனை. கிருமியின் புரதத்தை அரைமணி நேரத்திற்குள் காட்டிவிடும், விலையும் குறைவு. ஆனால் நோய் உள்ளவரையே இல்லை என்று சொல்லிவிடும் வாய்ப்பு இதில் அதிகம். மூன்றாவது இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனை. ஒருவருக்கு நோய் முன்னர் வந்து போயிற்றா என்பதை இது சொல்லும். இன்று அவரிடமிருந்து பிறருக்குப் பரவுமா என்பதைச் சொல்லாது. எதை எதற்குப் பயன்படுத்துவது என்பதிலேயே நாடுகள் வேறுபட்டன.

முந்திய நாடும் பிந்திய நாடும்

தென்கொரியாவிலும் அமெரிக்காவிலும் முதல் நோயாளி ஏறத்தாழ ஒரே நாளில், 2020 ஜனவரி 20-ஐ ஒட்டிக் கண்டறியப்பட்டார். அதன்பின் இரு நாடுகளும் வெவ்வேறு வழிகளில் சென்றன.

தென்கொரியாவை 2015-இல் மெர்ஸ் நோய் தாக்கியிருந்தது. 186 பேர் நோயுற்றனர். 38 பேர் இறந்தனர். நெருக்கடி நேரத்தில் தனியார் தயாரிக்கும் சோதனைக் கருவிகளுக்கு விரைந்து அனுமதி வழங்கும் சட்ட ஏற்பாட்டை அந்த அடியின் வலி ஆறுமுன் அந்நாடு செய்து வைத்தது. எனவே 2020 ஜனவரி இறுதியில் அரசு அதிகாரிகள் மருந்து நிறுவனத்தாரை அழைத்துப் பேசினர். பிப்ரவரி 4 அன்றே முதல் கருவிக்கு அனுமதி கிடைத்தது. டேகு நகரில் தொற்று வெடித்தபோது, காரை விட்டு இறங்காமலே மாதிரி கொடுத்துச் செல்லும் நிலையங்கள் திறக்கப்பட்டன. பிப்ரவரி 29 அன்று ஒரே நாளில் 909 பேர் என்று ஏறிய எண்ணிக்கை, நாடு தழுவிய முழு அடைப்பு இல்லாமலே சில வாரங்களில் தணிந்தது.

செல்வத்திலும் அறிவியலிலும் முதலிடத்தில் இருந்த அமெரிக்காவில், அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பிப்ரவரியில் அனுப்பிய சோதனைக் கருவிகள் பழுதுபட்டிருந்தன. மற்ற ஆய்வுக்கூடங்கள் தாமாகச் சோதனையை வடிவமைத்துக்கொள்ள விதிகள் இடந்தரவில்லை. அந்தத் தளர்வு பிப்ரவரி 29 அன்றுதான் வந்தது. அந்த ஒரு மாதத்தில் நோய் கண்ணுக்குத் தெரியாமல் பரவிவிட்டது.

இது பணத்தால் மட்டும் ஆகும் காரியம் அன்று என்பதற்கு ஆப்பிரிக்காவின் செனகல் சான்று. 2020 பிப்ரவரித் தொடக்கத்தில் அக்கண்டம் முழுவதிலும் இந்தச் சோதனையைச் செய்ய வல்ல ஆய்வுக்கூடங்கள் இரண்டே இருந்தன. ஒன்று தென்னாப்பிரிக்காவில்; மற்றொன்று செனகலின் டக்கார் நகரப் பாஸ்டர் நிறுவனம். எபோலா காலத்தில் பெற்ற அனுபவம் அந்த ஏழை நாட்டிற்குக் கைகொடுத்தது.

ஊர் முழுவதையும் சோதித்தவர்கள்

இத்தாலியின் வடபகுதியில் வோ என்ற சிற்றூர் உள்ளது. மக்கள்தொகை சுமார் 3,200. 2020 பிப்ரவரி 21 அன்று இத்தாலியின் முதல் கொரோனா மரணம் அவ்வூர்க்காரருடையது. உடனே ஊர் அடைக்கப்பட்டு, அறிகுறி உண்டா இல்லையா என்று பாராமல் அனைவரும் சோதனைக்கு அழைக்கப்பட்டனர். 2,812 பேர் வந்தனர், 2.6 விழுக்காட்டினருக்குத் தொற்று இருந்தது. அடைப்பு முடியும் தறுவாயில் மறுபடி சோதித்தபோது அது 1.2 விழுக்காடாகக் குறைந்திருந்தது. தொற்று கண்டவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சலோ இருமலோ எதுவுமே இல்லை என்பதுதான் வியப்பு. நலமாகத் தெரிபவரும் நோயைச் சுமந்து திரியலாம் என்ற உண்மையை உலகிற்குத் தெளிவாக எடுத்துக்காட்டியவற்றுள் இந்தச் சிற்றூரும் ஒன்று.

சீனாவின் வூஹான் நகரில் 2020 மே மாத நடுவிலிருந்து ஜூன் முதல் நாள் வரை ஏறத்தாழ 99 இலட்சம் பேர் சோதிக்கப்பட்டனர். அறிகுறியற்ற 300 பேருக்குத் தொற்று காணப்பட்டது. பலரது மாதிரிகளை ஒன்றாகக் கலந்து சோதித்து, தொற்று தென்பட்டால் மட்டும் அக்குழுவினரைத் தனித்தனியே சோதிப்பது அங்கே கையாண்ட சிக்கனங்களுள் ஒன்று. இம்முறையை அமெரிக்கப் படையினரின் இரத்தப் பரிசோதனைக்காக 1943-இலேயே ராபர்ட் டார்ஃப்மன் வகுத்திருந்தார்.

ஐரோப்பாவில் ஸ்லோவாக்கியா 2020 அக்டோபர் 31, நவம்பர் 1 ஆகிய இரு நாட்களில் சுமார் 36 இலட்சம் பேரை விரைவுச் சோதனைக்கு உட்படுத்தியது. ஏறத்தாழ 38,000 பேருக்குத் தொற்று தெரிந்தது. முதலில் நோய் குறைந்தது. ஆனால் அந்தக் குளிர்காலத்திலேயே கடுமையாகத் திரும்பி வந்தது. ஒருநாள் சோதனை அந்த ஒருநாளின் நிழற்படம் மட்டுமே.

சோதிக்க மறுத்த நாடு

கிழக்கு ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் வேறொரு வழி பின்பற்றப்பட்டது. பப்பாளிப் பழத்திற்கும் ஆட்டிற்கும்கூடத் தொற்று இருப்பதாக முடிவு வந்தது என்று கூறி, அந்நாட்டு அதிபர் மகுஃபுலி 2020 மே மாதம் சோதனைகளையே ஐயுற்றார். அத்துடன் எண்ணிக்கை வெளியிடுவது நின்றுபோயிற்று. 509 நோயாளிகள், 21 மரணங்கள் என்ற கணக்கு ஓராண்டுக்கும் மேலாக மாறாமல் நின்றது. ஏட்டில் எண் நின்றதே தவிர நோய் நிற்கவில்லை. புதிய அதிபர் பொறுப்பேற்ற பின் 2021-இல்தான் கணக்கு மீண்டும் வெளிவரத் தொடங்கியது.

இந்தியாவும் தமிழகமும்

இந்தியாவின் முதல் நோயாளி 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டார். தொடக்கத்தில் புனே தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தையே நாடு பெரிதும் நம்பியிருந்தது. மார்ச் 21 அன்று தனியார் ஆய்வுக்கூடங்களும் சோதிக்க அனுமதி வந்தது. கட்டண உச்சவரம்பு 4,500 ரூபாய். ஒரு கூலித் தொழிலாளி குடும்பத்தோடு சோதித்துக்கொள்ள வேண்டுமாயின் மாத வருமானத்தையும் விஞ்சும் தொகை! அனைவருக்கும் இலவசம் என்று ஏப்ரல் 8 அன்று ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 13 அன்று அதை ஏழைகளுக்கு மட்டும் என்று திருத்தியது. சீனாவிலிருந்து தருவிக்கப்பட்ட எதிர்ப்புப் பொருள் சோதனைக் கருவிகள் சரியாக இயங்காமையால், அவற்றைத் திருப்பி அனுப்புமாறு அம்மாத இறுதியிலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

பின்னர் தில்லி, பீகார் போன்ற மாநிலங்கள் விரைவு ஆன்டிஜென் சோதனையைப் பெரிதும் நம்பின. தமிழகம் ஆர்டி-பிசிஆர் ஒன்றையே கைக்கொண்டது. கிண்டி கிங் நிறுவனத்தில் தொடங்கி, மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளிலெல்லாம் ஆய்வுக்கூடங்கள் அமைந்தன. நமது விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும் அவற்றுள் ஒன்று. 2020 ஜூலையில் நாளொன்றுக்கு 60,000-க்கும் மேற்பட்ட சோதனைகள் மாநிலத்தில் நடைபெற்றன.

அதன் தேவையை நம் மாவட்டம் நேரில் உணர்ந்தது. சென்னைக் கோயம்பேடு சந்தை 2020 மே 5 அன்று மூடப்பட்டது. அங்கே மூட்டை சுமந்தவர்களும் வண்டி ஓட்டியவர்களும் ஊர் திரும்பினர். விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் நோயாளிகளின் எண்ணிக்கை சில நாட்களிலேயே தாவியது. அவர்களில் பலருக்கு எந்த அறிகுறியும் இல்லை. தேடிச் சென்று சோதித்திராவிட்டால் அவர்களது வீடுகளுக்கும் தெரிந்திராது, தெருவுக்கும் தெரிந்திராது.

எண்ணிக்கை ஏறினால் அவமானம் என்று நினைப்பது தவறு என்பதற்குக் கேரளம் ஓர் எடுத்துக்காட்டு. 2021-இல் இந்தியாவிலேயே மிகுதியான நோயாளிகள் அங்கே பதிவானபோது பலரும் அம்மாநிலத்தைக் குறை கூறினர். அவ்வாண்டு ஜூலையில் வெளியான நான்காவது தேசிய இரத்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது. நாட்டு மக்களில் சுமார் 67 விழுக்காட்டினரிடம் எதிர்ப்புப் பொருள் இருக்க, கேரளத்தில் அது 44 விழுக்காடு மட்டுமே; தமிழகத்தில் 69. கேரளத்தில் நோய் குறைவாகவே பரவியிருந்தது; பரவியதில் பெரும்பங்கைக் கண்டுபிடித்துக் கணக்கில் எழுதியிருந்தார்கள். இதற்கு எதிர்ப்புறமாக, 2020 மே, ஜூன் மாதங்களில் நடந்த முதல் தேசிய ஆய்வின்படி, கண்டறியப்பட்ட ஒவ்வொரு நோயாளிக்கும் பின்னால் கண்டறியப்படாதவர்கள் 82 முதல் 130 பேர் வரை இருந்தனர்.

சோதனைக்குப் பின் என்ன?

சகோதரர்களே, இனி நான் சொல்லப்போவதே இந்த உரையின் மையக் கருத்து. கருவியும் ஆய்வுக்கூடமும் இருந்தும் மக்கள் சோதனைக்கு வராமல் போன இடங்கள் பல. அதற்கு இரண்டு அச்சங்கள் காரணம். ஒன்று வயிற்றைப் பற்றியது. மற்றொன்று மானத்தைப் பற்றியது.

வயிற்றைப் பற்றிய அச்சத்திற்கு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சொல்லலாம். 2020 நவம்பரில் அந்நகரத்தார் அனைவருக்கும் இலவசச் சோதனை தெருவுக்குத் தெரு நடந்தது. ஆயினும் ஏழைகள் வாழும் பகுதிகளிலிருந்து வந்தவர்களே குறைவு. தொற்று என்று முடிவு வந்தால் வேலைக்குப் போக இயலாது, கூலி போய்விடும் என்ற அச்சம் அதற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கண்டறியப்பட்டது. குறைந்த வருமானத்தினருக்கு 500 பவுண்டு உதவித்தொகையை அந்நாட்டு அரசு அதற்கு முன்பே அறிவித்திருந்தது. அது பலரைச் சென்றடையவில்லை. பணக்கார நாட்டிலேயே இந்நிலை என்றால், அன்றாடம் உழைத்து உண்ணும் நம் மக்களின் நிலையை நான் சொல்லத் தேவையில்லை.

சிங்கப்பூரையும் பார்ப்போம். நம்மவர் பலர் உழைக்கும் நாடு அது. தொடக்கத்தில் உலகமே பாராட்டிய அந்நாடு, நெருக்கமான விடுதிகளில் வாழ்ந்த அயல்நாட்டுத் தொழிலாளர்களை உரிய காலத்தில் கவனிக்கத் தவறியது. விடுதிகளில் தங்கியிருந்த சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது என்று 2020 டிசம்பரில் அரசே வெளியிட்டது. பிறகு முறைவைத்துச் சோதித்தார்கள், சிகிச்சையும் தந்தார்கள். ஆயினும் ஊராருக்கு இல்லாத நடமாட்டக் கட்டுப்பாடு விடுதித் தொழிலாளருக்கு 2021-இலும் நீடித்தது. சமுதாயத்தின் கடைசி வரிசையில் இருப்பவரைக் கடைசியாகச் சோதிக்கும் நாட்டில் நோய் அங்கேதான் குடியேறும்.

மானத்தைப் பற்றிய அச்சத்தை நாம் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் தில்லியில் நடந்த தப்லீக் ஜமாஅத் கூட்டத்திற்குச் சென்று வந்தோர் தாமே முன்வந்து சோதித்துக்கொள்ளுமாறு மார்ச் 31 அன்று தமிழகச் சுகாதாரத் துறை வேண்டியது. ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்வந்தனர். நோயைவிட வேகமாகப் பழிச்சொல் பரவிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் அவ்வாறு வந்தனர் என்பதை வரலாறு மறக்கலாகாது. நோய்க்கு மதச்சாயம் பூச வேண்டாம் என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அவர்கள் வேண்டுகோள் விடுத்தார். பின்னாளில், 2020 ஆகஸ்டில், அந்தக் கூட்டத்திற்கு வந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு தள்ளுபடி செய்தது.

பழி நம் சமுதாயத்தின் மீது மட்டும் விழவில்லை. தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் 2020 ஏப்ரலில் ஒரு கூட்டம் தாக்கியது. தொற்று வந்த வீடுகளின் வாசலில் தகரம் அடித்தார்கள், சுவரொட்டி ஒட்டினார்கள். தகுதியுடைய அதிகாரியின் தனி ஆணையின்றி அவ்வாறு சுவரொட்டி ஒட்டலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் கூறியது. வாசலில் தகரம் அடிப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், தமக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குப் போவாரா? மாத்திரை விழுங்கிவிட்டு மறைத்துத்தான் வைப்பார்.

தென்கொரியா இதற்கும் ஒரு வழி கண்டது. 2020 மே மாதம் சியோலின் இத்தேவோன் பகுதி இரவு விடுதிகளில் தொற்று பரவியது. அங்கே போனவர்கள் என்று தெரிந்தால் ஊர் ஏசும், வேலை போகும் என்று அஞ்சிப் பலர் ஒளிந்துகொண்டனர். பெயர் சொல்ல வேண்டியதில்லை, தொலைபேசி எண் மட்டும் போதும் என்று நகர நிர்வாகம் அறிவித்தது. சோதனைக்கு வந்தோர் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியது. அவர்களது வாழ்க்கை முறையை ஏற்பதா மறுப்பதா என்பது அங்கே கேள்வி அன்று. நோய் மறைந்து பரவாமல் காப்பதே கேள்வி. இழிவுபடுத்த மாட்டோம் என்ற உறுதிமொழி நூறு ஆய்வுக்கூடங்களுக்குச் சமமான பயனைத் தந்தது.

நமது ஜமாஅத் செய்யத்தக்கவை

ஆய்வுக்கூடம் அமைப்பது அரசின் கடமை. மக்களை அச்சமின்றி அங்கே அழைத்துச் செல்வது நம்மால் ஆகக்கூடியது. நிர்வாகக் குழுவின் மேலான கவனத்திற்குச் சிலவற்றை முன்வைக்கிறேன்.

முதலாவது, பைத்துல்மாலில் ஒரு பகுதியை நோய்க்கால நிதியாக நிரந்தரமாக ஒதுக்க வேண்டும். தனித்திருக்கும் நாட்களுக்கு ஒரு குடும்பத்திற்கு அரிசி, பருப்பு, பால், மருந்து, வாடகை என்று எவ்வளவு ஆகும் என இப்போதே கணக்கிட்டு வைக்க வேண்டும். அடுப்பு எரியும் என்ற உறுதி இருந்தால் கூலித் தொழிலாளி துணிந்து சோதனைக்கு வருவார். மஹல்லாவில் உள்ள பிற சமயத்து ஏழைகளுக்கும் இந்த நிதி உதவ வேண்டும். நோய் வீட்டு எண் பார்த்து நுழைவதில்லை.

இரண்டாவது, நோயுற்றவரின் பெயர் ஒலிபெருக்கியிலோ வாட்ஸ்அப் குழுவிலோ வரலாகாது. விவரம் அறிந்தவர்கள் இருவர் மூவராக மட்டும் இருக்கட்டும். பெண்களின் விவரத்தைப் பெண் தன்னார்வலர்களே கையாளட்டும்.

மூன்றாவது, தேவை ஏற்படின் மதரஸாக் கூடத்தையும் ஜமாஅத் மண்டபத்தையும் மாதிரி சேகரிக்கும் முகாமுக்காகச் செஞ்சி அரசு மருத்துவமனைக்குத் தர இசைவு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். ஜமாஅத் பொறுப்பாளர்களும் இமாமும் முதல் வரிசையில் நின்று சோதித்துக்கொண்டால் பின்னால் வருவோரின் தயக்கம் நீங்கும்.

நான்காவது, இவையெல்லாம் அடுத்த பெருந்தொற்று வரும்வரை காத்திருக்க வேண்டியவை அல்ல. காசநோய் இன்றும் நம்மிடையே உள்ளது. கொரோனாக் காலத்தில் பயன்பட்ட ட்ரூநாட் கருவி காசநோயைக் கண்டறிய உருவானதே. அரசு மருத்துவமனைகளில் அச்சோதனையும் சிகிச்சையும் இலவசம். சிகிச்சை பெறுவோருக்கு ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் மத்திய அரசு அறிவித்துள்ளது. ஆயினும் திருமணப் பேச்சு முறிந்துவிடும், ஊர் ஒதுக்கிவிடும் என்று இருமலை மறைப்போர் இருக்கிறார்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் உள்ளவரை அன்போடு அழைத்துச் சென்று சோதிக்கச் செய்யும் பழக்கத்தை இவ்வாண்டே தொடங்கினால், நமது ஆயத்தம் வெறும் தீர்மானமாக ஏட்டில் உறங்காது.

பெரியோர்களே! முந்திச் சோதித்த நாடுகள் நோயைத் தணித்தன. சோதிக்க மறுத்த நாடு கண்ணை மூடிக்கொண்டு நடந்தது. சோதித்தும் நோயாளியின் பசியையும் மானத்தையும் காக்காத இடங்களில் சோதனையின் பயன் பாதியில் நின்றது. நோயைத் தேடுவது கருவியின் வேலை. நோயாளியைத் தேற்றுவது நம் வேலை. முந்தியது எவ்வளவு சிறப்பாக நடந்தாலும், பிந்தியது இல்லாவிடில் அடுத்தவர் சோதனைக்கு வரமாட்டார்.

அந்நாட்களில் நாம் இழந்த உறவினர், நண்பர், மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளர் அனைவரையும் இவ்வேளையில் நினைவுகூர்கிறேன். அத்தகைய சோதனையிலிருந்து இவ்வூரையும் இவ்வுலகையும் வல்ல இறைவன் காப்பானாக. அப்படி ஒன்று வருமாயின், ஒருவரையொருவர் பழிக்காமல் தாங்கிக்கொள்ளும் மனத்தை நமக்கு அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.